உப்பிட்ட தேநீர்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் வீட்டுக்கு மற்றொருவர் போனால், போன காரியத்தைச் சொல்லி முடிப்பதற்கு முன்னரே தேநீர் வந்துவிடும். வேண்டாம் என்று சொல்வது விருந்தினர் வழக்கம். அதனைக் கேளாதவர் போல அடுப்படிக்குப் போவது வீட்டுக்காரர் வழக்கம். பாலில்லாத நாளில் வெறுந்தேநீர். சீனி குறைந்த நாளில் உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. எவ்வாறாயினும் இனிப்பென்பது தேநீரோடு கூடப் பிறந்தது என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். தேநீரில் உப்பைப் போட்டுக் குடிக்கும் மக்கள் உண்டென்று யாரேனும் சொன்னால் நகைப்போம். நானும் நகைத்தவனே. அந்த நகைப்பு எவ்வாறு அடங்கிற்று என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழும் என் தமக்கையார் சென்ற மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். அங்கே அவருடைய அயல் வீட்டில் காஷ்மீரத்துக் குடும்பமொன்று வசிக்கிறது. அவ்வீட்டு மூதாட்டியார் நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் அடுப்பருகே நின்று இளஞ்சிவப்பு நிறமான தேநீர் ஒன்றைக் காய்ச்சுவாராம். பனி கொட்டும் நாள்களில் என் தமக்கையாரையும் அழைத்து ஒரு கிண்ணம் கொடுப்பாராம். இருவருக்கும் பொதுவான மொழி அதிகம் இல்லை. தேநீர் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. ஊருக்கு வரும்போது அம்மூதாட்டியார் ஒரு பொதி பச்சைத் தேயிலையைக் கையிற் கொடுத்துச் செய்முறையையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தமக்கையார் அந்தப் பொதியை என்னிடம் நீட்டி, "தம்பி, நீ இரசாயனம் படிப்பிக்கிறவன்தானே. பச்சை இலையிலையிருந்து றோசாப்பூ நிறத்திலை தேத்தண்ணி வருகுது. ஏனெண்டு சொல்லு பாப்பம்" என்றார். என் மகள் கைகொட்டிச் சிரித்தாள். ஆசிரியன் ஒருவனுக்குத் தன் வீட்டிலே பரீட்சை வைத்தால் அவன் பாடு எப்படியிருக்கும் என்பதை மாணவர்கள் அறிந்து மகிழ்வார்களாக.

காஷ்மீரத்தார் இத்தேநீரை நூன் சாய் என்பர். நூன் என்பது அவர்கள் மொழியில் உப்பு. ஷீர் சாய் என்ற பெயரும் உண்டு. ஷீர் என்பது பாலைக் குறிக்கும் பாரசீகச் சொல். காஷ்மீரப் பள்ளத்தாக்கிலே தேயிலை விளைவதில்லை. முற்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் திபெத்துப் பக்கத்திலிருந்தும் மலைக் கணவாய்களைக் கடந்து வந்த வணிகர்களே அதனைக் கொணர்ந்தனர். சமாவார் என்னும் செப்புப் பாத்திரம் அங்குள்ள வீடுகளின் பெருமை. அதன் நடுக்குழாயிற் கரி எரிய, சுற்றிலும் உள்ள தேநீர் ஆறாமல் இருக்கும். விடியற்காலையில் காந்தூர் எனப்படும் ரொட்டிக்காரரிடம் வாங்கிய சூடான ரொட்டியை இந்த உப்புத் தேநீரோடு உண்பர். நாம் பாணைத் தேநீரில் தோய்த்து உண்பதை நினைத்துக் கொள்ளலாம். லாகூர், கராச்சி முதலிய நகரங்களில் இதே தேநீருக்கு உப்பை விடுத்துச் சீனியிட்டு, மேலே பிஸ்தாப் பருப்பைத் தூவிக் குளிர்காலக் கலியாணங்களிற் பரிமாறுவர்.

இத்தனையும் அறிந்த பின்னர் நான் செய்த முதற் காரியம் பெரும் பிழை. அருமையாக வந்த பொதியை ஏன் வீணாக்க வேண்டும், முதலில் நம் வீட்டுத் தேயிலையிலேயே பரீட்சித்துப் பார்ப்போம் என்று, அடுப்படியிலிருந்த தேயிலையில் அப்பச்சோடாவைப் போட்டுக் காய்ச்சினேன். கிடைத்தது கன்னங்கரிய கசாயம். பாலை ஊற்றியபோது அது மண்ணிறமாயிற்றேயன்றிச் சிவக்கவில்லை.

காரணம் பின்னரே புத்திக்கு எட்டியது. இலங்கையில் 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அன்று முதல் இங்கு பெரும்பாலும் செய்யப்படுவது கறுப்புத் தேயிலை. தமிழகத்திலிருந்து வந்து மலையகத்தைத் தம் உழைப்பால் வளமாக்கிய மக்களின் கைகள் கொய்யும் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து, பின்னர் உலர்த்துகின்றனர். காற்றுப்பட வைக்கும்போதே இலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் ஒட்சிசனோடு கூடி நிறம் மாறிவிடுகின்றன. பச்சைத் தேயிலையிலோ, கொய்தவுடன் நீராவியாலோ சூடான சட்டியாலோ இலையைச் சுடவைத்து, அம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதியத்தைச் செயலறச் செய்துவிடுவர். ஆகவே அதன் துவர்ப்புப் பொருள்கள் பெரும்பாலும் மாறாமல் அப்படியே இருக்கும். ஏற்கெனவே எழுதி நிரப்பிய தாளிலே நான் புதிதாக எழுத முயன்றிருக்கிறேன்!

இரண்டாம் முறை பச்சைத் தேயிலையை எடுத்தேன். ஆனால் அவசரம் என்னை விடவில்லை. காற்சிட்டிகை என்று தமக்கையார் சொன்ன அப்பச்சோடாவை, நிறம் விரைவில் வரட்டும் என்று ஒரு கரண்டி நிறையப் போட்டேன். கரண்டியால் ஆற்றி ஊற்ற வேண்டும் என்றதையும் பொருட்படுத்தவில்லை. அரை மணி நேரத்தில் இறக்கிப் பாலைச் சேர்த்தேன். சாம்பல் நிறமான ஏதோ ஒன்று பாத்திரத்திற் கிடந்தது. மனைவி ஒரு வாய் சுவைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, இது உடுப்புத் தோய்ச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றாள். மறுத்துரைக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

அப்போது விறாந்தையில் இருந்த என் தாயார், "என்ன போட்டனீ?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிறிது யோசித்து, "வெத்திலைக்குச் சுண்ணாம்பு மாதிரித்தான் இருக்கும். கூடினால் வாய் வெந்துபோம். குறைஞ்சால் சிவக்காது. நகக்கண் அளவுக்கு மேலை ஏன் போட்டனீ?" என்றார்.

என் தாயார் நாற்பது ஆண்டுகளாக வெற்றிலை போட்டவர். வைத்தியர் சொன்ன பின்னர் அடியோடு விட்டுவிட்டார். பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. இளையோர் அவ்வழக்கத்தைத் தொடாதிருப்பதே நன்று. ஆயினும் பாக்குவெட்டியும் சுண்ணாம்புக் கரண்டகமும் மினுக்கியபடி இன்றும் தட்டத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தவுடன் என் பரீட்சைக்கு விடை கிடைத்துவிட்டது.

வெற்றிலை பச்சை, பாக்கு மண்ணிறம், சுண்ணாம்பு வெள்ளை. மூன்றிலும் சிவப்பு இல்லை. வாயிலிட்டு மென்றால் எங்கிருந்து வருகிறது சிவப்பு? பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தன்மையிலே காற்றின் ஒட்சிசனோடு கூடிச் சிவக்கின்றன. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்களும் அவற்றுக்கு உறவினவே. பொலிபீனோல்கள் என்று இவற்றைப் பொதுவாகச் சொல்வர். சுண்ணாம்பின் வேலையை இங்கே அப்பச்சோடா செய்கிறது. மெல்லும் வேலையைக் கரண்டி செய்கிறது. காஷ்மீரத்து மூதாட்டியாரின் தேநீரும் என் தாயாரின் தாம்பூலமும் ஒரே விதிக்கு உட்பட்டுச் சிவப்பவை. கலியாண வீட்டில் ஆலாத்தி எடுப்பதற்கு மஞ்சள் நீரிற் சுண்ணாம்பைக் கலந்து சிவக்கச் செய்கிறோமே, அங்கே பொருள் வேறாயினும் நிறத்தை மாற்றுவது அதே காரத்தன்மையே.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெறுந்தேநீரை 3 கிளாசுகளில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். ஒன்றிற் சில துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள், நிறம் வெளிறும். மற்றொன்றில் அணுவளவு அப்பச்சோடா போடுங்கள், நிறம் கறுக்கும். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல். நம் கிணற்று நீர் வன்னீர். நம் வெறுந்தேநீர் கறுத்துத் தோன்றுவதற்கும், ஆறிய தேநீரின் மேல் மெல்லிய ஆடை படர்வதற்கும் அந்நீரே பெருங்காரணம். கேத்திலின் உள்ளே வெண்மையாகப் படிவதும் அச்சுண்ணமே.

இவ்வளவும் தெளிந்த பின்னர் மூன்றாம் முறை காய்ச்சினோம். வீட்டிற் செய்து பார்க்க விரும்புவோருக்காக அளவுகளைத் தருகிறேன். 4 பேருக்கு 2 மேசைக்கரண்டி பச்சைத் தேயிலை போதும். 2 கோப்பை நீரில் அதனையிட்டுக் கொதிக்கவிட்டு, 1/4 தேக்கரண்டிக்கு மேற்படாமல் அப்பச்சோடா சேர்க்க வேண்டும். அது நுரைத்தெழும் ஆதலின் பாத்திரம் பெரிதாக இருத்தல் நன்று. நீர் பாதியாகும் வரை, ஏறக்குறைய 20 நிமிடம், கொதிக்க வேண்டும். கரண்டியால் அள்ளி உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் ஊற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். இதுவே காற்றைக் கலக்கும் வழி. பின்பு பனிக்கட்டி போலக் குளிர்ந்த நீர் 2 கோப்பையை ஒரே முறையாக ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீர் சூடான நீரைக் காட்டிலும் அதிக ஒட்சிசனைத் தன்னகத்தே கொண்டிருக்கும். மறுபடியும் அடுப்பேற்றி, மேலும் 20 நிமிடம் ஆற்றி ஆற்றிக் காய்ச்சினால் சாறு மாதுளம்பழச் சாறு போலச் சிவக்கும். அதனை வடித்து, தனியே காய்ச்சிய பால் 2 கோப்பையைக் கலந்து, 1/4 தேக்கரண்டி உப்பும் தட்டிய ஏலக்காய் ஒன்றிரண்டும் சேர்த்தால் தேநீர் ஆயிற்று. பிஸ்தாவுக்குப் பதிலாக நாம் மரமுந்திரிகைப் பருப்பை இடித்துத் தூவினோம். இரத்த அழுத்தம் உடையோர் உப்பைக் குறைப்பது நலம்.

இம்முறை கிணற்று நீரை விடுத்து, வடித்தெடுத்த மார்கழி மழைநீரைப் பயன்படுத்தினேன். கரண்டியை மகளிடம் கொடுத்தேன். கை வலிக்கிறது என்று அவள் நான்கு முறை சொன்னாள். எனினும் கரண்டியைக் கைவிடவில்லை. பால் விழுந்தவுடன் பாத்திரத்துக்குள் தாமரை மொட்டின் நிறம் பரவியது. அடுப்படியில் நின்ற எல்லோரும் ஒரு கணம் பேசாதிருந்தோம்.

மகள் தன் பங்குக்கு ஒரு கரண்டி சீனியைச் சேர்த்துக்கொண்டாள். தாயாரோ, "அந்த மனிசி எப்பிடிக் குடிக்கிறாவோ அப்பிடியே தா" என்று உப்பிட்டதையே வாங்கினார். ஒரு வாய் குடித்தார். முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கோப்பையையே உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தார். பின்னர் மெதுவாக, "நாவற்குழி தாண்டிப் போய்க் குடிச்சம், நினைவிருக்கோ?" என்றார். தமக்கையார் என்னைப் பார்த்தார். எனக்கும் நினைவு வந்தது.

அது 1995 ஆம் ஆண்டு. எனக்கு 15 வயது. ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்ட செய்தியை அறியாதார் இங்கு இலர். மழை பெய்து கொண்டிருந்தது. தெருவில் கால் வைக்க இடமில்லை. சைக்கிளில் அரிசியும் உடுப்பும். அதன் மேல் மூடிய பாய். நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்கே அவ்விரவு முழுவதும் சென்றது. மறுநாள் இருட்டும் வேளையில், சாவகச்சேரிக்கு அப்பால் மாமரமும் கிணறும் உள்ள ஒரு வீட்டின் வாசலில் நின்றோம். அங்கே முன்னரே நான்கு குடும்பங்கள் தங்கியிருந்தன. வீட்டுக்கார அம்மா எங்களையும், "வாங்கோ, உள்ளை வாங்கோ" என்றார். யார், எவ்வூர் என்று அவர் கேட்கவில்லை.

அவர் செய்த முதல் வேலை தேநீர் காய்ச்சியதே. 1990 ஆம் ஆண்டு தொடங்கிக் குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் அருமை, ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கே வெளிச்சம். சீனியும் அருமை. ஆயினும் வந்திருந்த இருபது பேருக்கும் அவர் சீனியிட்டே தேநீர் கொடுக்க எண்ணியிருக்கிறார். மங்கிய வெளிச்சத்திற் கை மாறிவிட்டது. பேணியை முதலில் வாங்கிய என் தந்தையார் ஒரு வாய் குடித்தார். எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எங்களுக்கு விளங்கிற்று. நாங்கள் குடித்தோம். அருகில் இருந்தவர்களும் குடித்தார்கள். ஒருவர்கூட ஒரு சொல் சொல்லவில்லை. தந்தையார் வெறும் பேணியைத் திருப்பிக் கொடுத்து, "நல்ல தேத்தண்ணி, அம்மா" என்றார். முதல் நாட் காலைக்குப் பின் எங்கள் வயிற்றிற் போன சூடான பொருள் அதுவே.

மூன்று நாள் அங்கே தங்கினோம். பின்னர் உறவினர் ஒருவர் வளவிற் கொட்டிலமைத்துப் போனோம். 1996 ஆம் ஆண்டில் ஊருக்குத் திரும்பினோம். ஒருமுறை போய் அந்த அம்மாவைக் கண்டு வர வேண்டும் என்று தந்தையார் அடிக்கடி சொல்வார். வீடு திருத்த வேண்டியிருந்தது. எனக்குப் பரீட்சை இருந்தது. தமக்கையாருக்குக் கலியாணம் பேச வேண்டியிருந்தது. காரணங்களுக்கு எப்போதுதான் பஞ்சம்?

2000 ஆம் ஆண்டில் போர் தென்மராட்சிக்குள் வந்தபோது, அங்கிருந்த மக்கள் இடம்பெயர்ந்து எங்கள் பக்கத்துக்கு வந்தார்கள். பாடசாலை மண்டபங்களிலும் கோயில் மடங்களிலும் தங்கினார்கள். அவர்களுள் அந்த அம்மாவும் இருந்திருத்தல் கூடும். நாங்கள் தேடவில்லை. எனக்கு அப்போது 20 வயது, சைக்கிள் இருந்தது, ஒரு மாலைப் பொழுது போதுமாயிருந்தது. தேடவில்லை என்பதை எழுதுவதற்கு இன்றும் என் கை தயங்குகிறது. தந்தையார் அந்தக் குறையோடே காலமானார்.

கோப்பையைக் கீழே வைத்த தாயார் சொன்னார்: "உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு சொல்லுவினம். அவ மெய்யாகவே உப்புப் போட்டுத் தந்தவ. நாங்கள்தான் நினைக்கேல்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயாரையும் தமக்கையாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் சென்றது. பழைய வீடு இல்லை. அதே நிலத்திற் புது வீடு எழுந்திருந்தது. மாமரமும் இல்லை. கிணற்றடியைக் கொண்டே தாயார் இடத்தை அடையாளம் சொன்னார். அந்த அம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின என்று அவருடைய மகள் சொன்னார். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னோம்.

அவருக்கு எங்களை நினைவில்லை. "அந்த நாளிலை எத்தினை சனம் வந்து போச்சுது, அம்மா" என்றார். ஆனால் உப்பு அவருக்கு நினைவிருந்தது. எல்லோருக்கும் கொடுத்த பின்னர் தம் பேணியை வாயில் வைத்தபோதுதான் தாய்க்கு அது தெரிந்ததாம். இருந்த இலை முழுவதும் தீர்ந்துவிட்டது. வேறு காய்ச்ச வழியில்லை. வெளியில் வந்து சொல்ல வெட்கப்பட்டு அடுப்படியிலேயே இருந்து அழுதாராம். "இருபது பேர் குடிச்சிச்சினம், ஒருத்தரும் ஒரு வாத்தை சொல்லேல்லை எண்டு அம்மா சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவ" என்றார் மகள்.

அவர் அறியக்கூடாதென்று நாங்கள் மறைத்தோம். நாங்கள் அறியக்கூடாதென்று அவர் மறைத்தார். இரு பக்கத்தாரும் முப்பது ஆண்டுகள் காத்த அந்த மரியாதை, போய்ப் பார்க்காத எங்கள் குற்றத்தைக் குறைப்பதாக நான் நினைக்கவில்லை. நன்றி மனத்தில் இருந்தால் மட்டும் போதாது. பச்சை இலைக்குள் மறைந்திருக்கும் சிவப்பைப் போல அது காலத்தோடு வெளியே கொணரப்பட வேண்டியது. தாமதித்தவனுக்கு அதைப் பெற்றுக்கொள்ள ஆள் இருப்பதில்லை. மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: உங்களுக்கும் இத்தகைய ஒரு வீடு இருக்குமானால், இந்த வாரமே போய் வாருங்கள்.

மீதமிருந்த பச்சைத் தேயிலையை நாங்கள் அந்த அம்மாவின் மகளிடம் கொடுத்தோம். காய்ச்சும் விதத்தை என் மகள் விளக்கினாள். கரண்டியால் ஆற்றுவதை மறக்கக்கூடாது என்று இருமுறை சொன்னாள். பேச்சு முடிந்து எழுந்தபோது, "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார் அவர். வழக்கம் போல வேண்டாம் என்றோம். வழக்கம் போல அவர் அதனைக் கேட்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "சீனி போடட்டோ, உப்புப் போடட்டோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"உப்பே போடு, பிள்ளை" என்றார் என் தாயார்.